ராஜகனி வீட்டுத் தாழ்ப்பாள்

ராஜகனி தன் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து தள்ளிய அதே நேரத்தில், நாலு வீடு தள்ளியிருந்த சிதம்பரபாண்டி அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் பின்கதவும் தானாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது, மல்லி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, காற்றுக்கு விழுந்திருக்கும் என்று எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் அது மறுபடி போட்டுக்கொண்டது, மறுபடி எழுந்தார், வெயில் ஏறும்வரை அவரும் கதவுமாக மல்லுக்கு நின்று, கடைசியில் மூட்டையையே கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தார், அதற்குள் அடுத்த தையல்கடையிலும், அதற்கடுத்த பால் டிப்போவிலும், மண்டபத்துச் சமையல்கட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே சத்தம் கேட்டது. வாகைநேரியில் கதவுகள் அடைபடத் தொடங்கியது இப்படித்தான். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வருஷம் கோடை அப்படி, வீட்டுக்கு வீடு கதவின் நிலையே வெடித்திருந்தது.

ராஜகனிக்கு அம்மை போட்டிருந்தது. எங்கள் ஊரில் அதை நோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அம்மா வந்திருக்கா என்போம், விருந்தாளியைப் பற்றிப் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவள் புருஷன் சுடலைமணி, மினிபஸ் டிரைவர், நிலையில் வேப்பங்குலையைச் செருகிவிட்டு, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பிள்ளை பொன்மதியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்தெருவில் இருந்த அவன் அக்கா ஆவுடையம்மாள் வீட்டில் விடுவதற்காகக் கிளம்பினான், கிளம்பியவன் வாசற்படியில் கால் வைத்ததும் பழக்கதோஷத்தில் "வாரேன்" என்று சொல்லிவிட்டான்.

அம்மை வீட்டிலிருந்து இறங்குகிறவர்கள் வாரேன் என்று சொல்வதில்லை. வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். சொன்னால் உள்ளே இருப்பது, தன்னிடம்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, நானும் வாரேன் என்று கூடவே இறங்கிவிடும். சுடலைமணி நாக்கைக் கடித்துக்கொண்டான். தோளில் கிடந்த பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டியது, ஆட்டிய கை அம்மாவைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்ற யாருக்கோ ஆட்டியதுபோல ராஜகனிக்குப் பட்டது. அவள் ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள், சரியாக விழவில்லையோ என்று வெயில் ஏறும்வரை இழுத்து இழுத்து மறுபடி தள்ளினாள்.

சாயங்காலம் கஞ்சித் தூக்குவாளியோடு அவன் ஜன்னலுக்கு வந்தபோது அவள் கேட்டாள்.

"நீங்க வாரேன்னு சொன்னிய."

"வாய் தவறி வந்துட்டு ராஜி. நாள் பூரா பஸ்ஸுல எல்லார்ட்டயும் சொல்லுத வாயி."

"கூட யாரும் வரலையே?"

"யாரு வருவா? பிள்ள தோள்லயே தூங்கிட்டா."

"தோள்ல கனம் கூடுச்சா?"

"தூங்குத பிள்ள கனக்கத்தான செய்யும்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அவன் போனதும் எழுந்து கதவிடம் போனாள். தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. கண்ணால் பார்த்தாள், கையால் தொட்டாள், படுக்கைக்கு வந்து வேப்பிலைமேல் விரித்த வெள்ளை வேட்டியில் சாய்ந்தாள், சாய்ந்ததும், பார்த்தது இப்போது பார்த்ததுதானா, இல்லை முன்னே பார்த்ததின் ஞாபகமா என்று தோன்றியது. கைக்குத் தெரிந்தது மனசுக்கு வந்து சேரவில்லை. எழுந்துபோய், இந்தத் தடவை நிச்சயமாகத் தெரியட்டும் என்று தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினாள், தள்ளும்போது வெளியே காக்கை கரைந்துவிட்டது, காக்கைச் சத்தத்தில் தாழ் விழுந்த சத்தம் சரியாகக் கேட்கவில்லை, ஆகவே அது கணக்கில்லை, இன்னொரு தடவை, இந்தத் தடவை சத்தம் சுத்தமாக விழுந்தது ஆனால் தள்ளும்போது நினைப்பில் பிள்ளை முகம் வரவில்லை, முகம் வராமல் போட்ட தாழ் பிள்ளையைக் காக்காது, ஆகவே இன்னொன்று, முகம் வந்தது, ஆனால் அழுகிற முகமாக வந்தது, அது ஆகாது, சிரிக்கிற முகம் வேண்டும், ஆகவே இன்னொன்று. கட்டைவிரலில் இருந்த அம்மை முத்து உடைந்து தாழ்ப்பாள் பிசுபிசுத்தது. வேப்பந்தண்ணீரால் துடைத்தாள், துடைத்தால் தாழ்ப்பாள் அசைந்திருக்கும் அல்லவா, ஆகவே இன்னொன்று. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுந்தாள். அவள் எழுந்த ஒவ்வொரு தடவையும் ஊரில் எங்கோ ஒரு கதவு அடைந்துகொண்டது.

எங்களுக்கு அது விளங்கச் சில நாள் பிடித்தது. முதலில் கேட்பது ராஜகனி வீட்டுச் சத்தம், அதை ஒட்டி, எதிரொலிபோல, அடைபடும் கதவின் சத்தம். எந்த வாசல் என்பதில் ஒழுங்கே இல்லை. முடிதிருத்தும் கடையில் பாதிக் கன்னம் சிரைத்த நிலையில் ஒருவர் அடைபட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கைதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, லாக்கப்பை எப்படிக் கூட்டுவது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஏட்டையா உள்ளே அடைபட்டார், கைதிதான் கம்பி வழியாக அவருக்கு டீயைக் கொடுத்தான். சுடலைமணியின் மினிபஸ்ஸில் கதவு பூட்டிக்கொள்ள, இறங்க வேண்டியவர்கள் டிரைவர் பக்கமாகக் குதித்தார்கள், மேலத்தெரு மரியபுஷ்பம் டீச்சர் மட்டும் குதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏ சுடல, ஒம் பொண்டாட்டி ஒருநாளாவது என்ன எறங்க விடுவாளா?"

"டீச்சர், அவ இல்ல, அம்மா."

"சரிப்பா, அம்மா எறங்க விடுவாளா?"

பஸ்ஸே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உள்ளே ஆள் இருந்தால் எழுந்துவந்து திறந்துவிடலாம், ஆள் இல்லாத வீடு அடைபட்டால் ஓட்டைப் பிரித்துத்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்ததும், வீட்டுக்கு ஒரு ஆள் எந்நேரமும் உள்ளே இருப்பது என்று ஊர் முடிவு செய்தது. எதுவும் பேசி வைக்காமலே அது வழக்கமாகிவிட்டது. வெளியே கிளம்புகிறவர்கள் "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்கள். கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கவும், கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடவும், பிடிக்காத சம்பந்தியைப் பார்க்காமல் இருக்கவும் "தாழ் விழுந்துட்டு" என்று ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டிகள் ஒரே அறையில் அடைபட்டுப் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் அடைபட்டுப் பேச்சை விட்டார்கள்.

ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்று உள்ளே உட்கார்ந்தவர்களிடம், நாள் போகப்போக, ஒரு மாதிரியான மௌனம் வந்தது. நாங்கள் கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டார்கள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், கை கழுவுகிறார்கள், கழுவி முடிந்த கையைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுகிறார்கள். தையல்காரர் மனைவி கேஸ் சிலிண்டரின் வால்வைத் திருகித் திருகி விரல் தோல் உரிந்துபோனாள். பால் டிப்போக்காரர் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே பகல் முழுவதும் நின்றார். யாருக்கும் உடம்பில் முத்து இல்லை, காய்ச்சல் இல்லை.

தாழ்ப்பாளையே கழற்றிவிட்டால் என்ன என்று ஆசாரி செல்லப்பா யோசனை சொன்னார். தெரு முழுக்கக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். ராஜகனி வீட்டில் சத்தம் கேட்டதும் சாக்குக்குள் அத்தனையும் ஒன்றாக நகர்ந்தன, கூடையில் கொட்டிய நண்டுகள்போல. தாழில்லாத கதவுகளும் அடைந்துதான் இருந்தன. தள்ளிப் பார்த்தால் கொஞ்சம் இடம் கொடுத்து, பிறகு மெத்தென்று எதிர்த்தன, உள்ளே யாரோ கதவுக்கு முதுகைக் கொடுத்துக் கால்நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல. செல்லப்பா பலகையில் கையை வைத்தார், வெதுவெதுவென்று இருந்தது. காதை வைத்தார். பிறகு உளியையும் சுத்தியலையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன ஆசாரி?"

"ஆள் இருக்கு" என்றார். "மூச்சு விடுது."

தாழ்ப்பாள்களை அவரவர் கதவில் மறுபடி பொருத்திக்கொண்டோம். பொருத்தியிருந்தால் இரும்புதான் தடுக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம்.

ராஜகனியிடம் யாரும் சொல்லவில்லை. அம்மை கண்டவளிடம் கடுஞ்சொல் சொல்லக்கூடாது, இதைச் செய்யாதே என்று தடுக்கக்கூடாது, கேட்டதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவள் ஜன்னலில் இளநீரும் நுங்கும் மோரும் வந்து குவிந்தன, கொண்டுவந்து வைக்கிறவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவள் தன் முகத்துக்காக என்று நினைத்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஜன்னல் வழியாகவே அவளைப் பார்த்துவிட்டு வந்து சுடலைமணியிடம் சொன்னார்.

"தனியா அடைச்சுப் போட்டா சில பேருக்கு இப்படி ஆகும்பா. பயத்துல போய்ப் போய்ப் பாக்கா, பாக்கப் பாக்கப் பயம் கூடுது. ஒரு தடவ பாக்காம உக்காந்து தாங்கிட்டான்னா அடுத்த தடவ கொஞ்சம் லேசாகும்."

"அத அவட்ட நீங்களே சொல்லுங்களேன்."

நர்ஸம்மா நிலையில் செருகியிருந்த வேப்பங்குலையைப் பார்த்தார். "நான் வேதக்காரிதான், ஏசுவக் கும்பிடுதவதான்" என்றார், "இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் நாங்கள் கவனித்திருந்தோம். ராஜகனி தாழைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி தள்ளுவதற்கு முன்னால் ஒரு கண நேரம் உண்டு, அந்தக் கண நேரத்தில் ஊரில் அடைபட்டிருந்த தாழ்கள் எல்லாம் மூச்சு விட்டதுபோல லேசாக ஆடும். பிறகு இறுகிக்கொள்ளும்.

குடிதண்ணீர் லாரி வந்த ஒரு முற்பகலில் அது நடந்தது. ஆவுடையம்மாள் அடுப்பில் பாலை வைத்திருந்தாள், லாரிக்காரன் ஹாரன் அடித்தான், குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள் வழக்கம்போல உள்ள ஆள் இருக்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், பொன்மதி கூடத்தில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது, இருக்காளே என்று மனசு பதில் சொன்னது, இறங்கிவிட்டாள். பிள்ளையை ஒரு ஆள் என்று எண்ணிவிட்டாள். குடம் பாதி நிறைவதற்குள் முன்தெருவில் சத்தம் கேட்டது, அதை ஒட்டிப் பின்தெருவில் அவள் வீட்டு வாசற்கதவும், பின்கதவும், நாலு ஜன்னலும் ஒரே நேரத்தில் அடைந்துகொண்டன.

காங்கிரீட் வீடு. பிரிக்க ஓடு இல்லை. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. ஆண்கள் கடப்பாரையோடு ஓடிவந்தார்கள், ஓடிவந்தவர்கள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள், ஏனென்றால் உள்பக்கமாகத் திறக்கிற அந்தக் கதவின் அடியில், தரைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த சந்தில், பிள்ளையின் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதவை ஒட்டித் தரையில் படுத்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. இடித்தால் கதவு அதன்மேல்தான் விழும். ஆவுடையம்மாள் குப்புற விழுந்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "அத்தைட்ட வா, இல்ல வராத, அங்குட்டுப் போ, பின்னால போ கண்ணு" என்று கத்தினாள். பிள்ளை அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பால் தீய்ந்த வாடை வந்தது. பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்க வேண்டும், அதற்குப் பின்னால் வந்தது கேஸ் வாடை.

சுடலைமணி முன்தெருவுக்கு ஓடினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளும் ஊர் சொல்லாமல் வைத்திருந்ததை மூச்சிறைக்கச் சொன்னான். அண்ணாச்சி கடைப் பின்கதவிலிருந்து பிள்ளையின் விரல் வரைக்கும்.

ராஜகனி ஆச்சரியப்படவில்லை. "அதான் இவ்வளவு கனமா" என்றாள். "கொஞ்ச நாளா ஒரு ஊரத் தள்ளுத மாதிரி இருந்துச்சு."

"தாழ இழுத்துட்டு அப்படியே விடு ராஜி. தொடாத. அதுபோதும், அங்க தொறந்துரும்."

"தொறந்தா போயிரும்லா."

"எது?"

"நீங்க வாரேன்னு சொல்லிக் கூப்பிட்டது. நான் அடைச்சு வச்சிருக்கேன். தொறந்தா நேரா அவகிட்டதான் போவும்."

"தொறக்காட்டா அவளே இருக்க மாட்டா."

அவள் கதவிடம் போனாள். ஜன்னலிலிருந்து பின்தெரு வரை ஊர் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக நின்றுவிட்டிருந்தது, யாரும் சொல்லி நிற்கவில்லை. அவள் தாழை இழுத்தாள். வாய் மாறி வாய் மாறிச் செய்தி வந்தது: "ஆடுது! ஆடுது!" அவள் கையை எடுத்தாள். எடுத்த கை காற்றில் நின்றது. சரியாக இழுத்தோமா, சரியாக இழுத்தோமா என்று பார்க்க மட்டும்தான், தொட்டாள், தொட்டது தெரியாமலே தள்ளிவிட்டாள்.

"விழுந்துட்டு" என்று திரும்பி வந்தது தெரு வழியே. யாரோ ஒருத்தி வாய்விட்டு அழுதாள்.

"கேஸு நெடி கூடுதாம்" என்றது அடுத்த குரல்.

மறுபடி இழுத்தாள். மறுபடி விழுந்தது. இன்னொரு தடவை. ஏட்டையா தெருவில் நின்றபடி, தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "தாயே, கைய எடு, ஒன் கால்ல விழுதேன்" என்றார். மரியபுஷ்பம் டீச்சர், "வகுப்புல ரெண்டாம் பெஞ்சுல இருந்த கழுதைதானே நீ, ராஜகனி, கைய முதுகுக்குப் பின்னால கட்டு!" என்று அதட்டினார். அம்மை கண்டவளை யாரும் அப்படிப் பேசியதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜகனி தாழை இழுத்தாள். இழுத்த வேகத்தில் கதவையும் திறந்தாள், ரெண்டு பலகையும் சுவரில் போய் முட்டும்படி அகலமாகத் திறந்தாள். பின்னால் நகர்ந்து கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள், ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு உட்கார்ந்தாள். கைகள் அடியிலிருந்து வெளியே வரப் பார்த்தன. முத்துகள் உடைந்து தரை ஈரமானது.

அப்போது அவளுக்குப் பின்னால், வேப்பிலைப் படுக்கையில், காய்ந்த இலை சரசரத்தது. இவ்வளவு நாளும் அவளை ஒட்டிப் படுத்திருந்தது எழுந்தது. அவள் திரும்பவில்லை. ஈரச் சேலையின் ஓரம் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு கடந்து போனது, மஞ்சள் வாடை அடித்தது, வாசற்படியில் போய் நின்றது. சீக்கிரம் போகவில்லை. நின்று காத்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடி ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், இப்போது போட்டால் உள்ளேயே அடைத்துவிடலாம், அதற்கு நேரம் கொடுப்பதுபோல நின்றது. ராஜகனியின் மனசுக்குள் பிள்ளையின் முகம் வந்தது, சிரிக்கிற முகமாக வந்தது, இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவ்வளவு தெளிவாக வந்ததில்லை, இப்போது போட்டால் அது சரியான தாழாக இருக்கும். அவள் தொடையை அழுத்திக்கொண்டாள். அது படியிறங்கியது.

தெருவில் வரிசையாக நின்றவர்கள், ஏன் என்று தெரியாமல், கொஞ்சம் விலகி வழிவிட்டார்கள். பின்தெருவை நோக்கி அந்த விலகல் போனது, முதலில் அண்ணாச்சி, பிறகு செல்லப்பா, பிறகு ஏட்டையா, காற்றில் பயிர் சாய்வதுபோல. அது முனை திரும்பியதும் பின்தெருவிலிருந்து பெருங்கூச்சல் கேட்டது, அதோடு ஊர் முழுக்கக் கதவுகள் திறந்து சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. பிள்ளை ஒட்டிப் படுத்திருந்த கதவு மட்டும் அதை மெல்ல நகர்த்திக்கொண்டு, சத்தமில்லாமல் திறந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுடலைமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிர்ச்சாரியில், தள்ளியே நின்றான். திறந்த வாசல் வழியாக ராஜகனி பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்து "ம்மா" என்றது. கன்னத்தில் தரைத்தூசி அப்பியிருந்தது.

"பாரு, ஒண்ணும் இல்ல" என்றான் அவன்.

"பக்கத்துல யாரும் இருக்காவளா?"

அவன் பக்கவாட்டில் பார்த்தான். ஆவுடையம்மாள் நின்றாள், அண்ணாச்சி நின்றார், இன்னும் யார் யாரோ நின்றார்கள். "ஊரே இருக்கு" என்றான்.

"சட்டையத் தூக்கிக் காட்டுங்க. வயித்துல ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும். முதுகுலயும்."

அவன் பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சட்டையின் ஓரத்தைப் பிடித்தான். தெருவே அந்தக் கையைப் பார்த்தது.

"வேண்டாம்" என்றாள் ராஜகனி. அவள் கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன. "வேண்டாம். எறக்கி விடுங்க, நடக்கட்டும்."